எக்கோ தேவையில்லை என்று நான் சொன்னேன்

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். முதலில் ஈ.சி.ஜி. டெக்னீஷியன், பிறகு எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். ஞானராஜ் என்ற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'எக்கோ சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிலர், "உங்க அனுபவத்தை எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தரும் கேஸ்கள் நிறைய உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

1. நார்மல்

மகேந்திரன் ராணுவத்தில் இருந்தான். இருபத்தாறு வயது. லீவில் சுந்தரபாண்டியத்துக்கு வந்திருந்தவன், நெஞ்சுவலி என்று தன் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஈ.சி.ஜி. எடுக்கப் படுக்க வைத்தால் கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு நின்றது.

"எம்புட்டு உயரம்ப்பா!" என்றேன்.

"ஆறடி மூணு சார். வாலிபால் டீம்லருந்து என்னைய விடவே மாட்டாங்க."

வலி எப்படி இருந்தது என்று கேட்டேன். "துணியக் கிழிச்ச மாதிரி சார். நெஞ்சுல ஆரம்பிச்சு முதுகுக்குப் போச்சு. இப்பக் கொறஞ்சிருச்சு."

ஈ.சி.ஜி. நார்மல். டியூட்டி டாக்டர் வயிற்றுப்புண்ணுக்கு ஊசி போடச் சொன்னார். "வலி திரும்ப வந்தா எக்கோ பாத்துக்கலாம்" என்றார். பிரஷரை ஒரு கையில் மட்டும்தான் பார்த்திருந்தார்கள்.

வெளியே வந்தவன் என் ரூம் வாசலில் நின்றான். உள்ளே ஒரு பாட்டி படுத்திருந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள்.

"சார், எக்கோ ஒண்ணு எடுத்துப் பாத்துருவமா?"

"ஈ.சி.ஜி. நல்லா இருக்கு தம்பி. இந்த வயசுல எக்கோ எதுக்கு? தேவையில்ல. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

"சரி சார்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிர்த்தாற்போல இருந்த பஸ் ஸ்டாப்பில் விழுந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கேஷுவல்டியில் நெஞ்சை அமுக்கிக்கொண்டே டியூட்டி டாக்டர் கத்தினார்: "ஞானராஜ், ப்ரோப வைங்க! சீக்கிரம்!"

எக்கோ மெஷினின் ப்ரோபை நெஞ்சில் வைத்தேன். இதயத்தைச் சுற்றி முழுக்கக் கறுப்பு. எக்கோ திரையில் ரத்தம் கறுப்பாகத்தான் தெரியும். உறைக்குள் ரத்தம் கட்டி, அதன் நடுவே இதயம் அசையாமல் கிடந்தது. ப்ரோபைச் சற்றுத் திருப்பினேன். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய், அயோர்ட்டா, மூன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டியது. ஆறுக்கு விரிந்திருந்தது. அதற்குள்ளே ஒரு மெல்லிய கோடு மிதந்தது. குழாயின் உள்சுவர் கிழிந்து தொங்குகிற கோடு அது.

டாக்டர் ஊசியைச் செருகி ரத்தத்தை இழுத்தார். அந்த இதயம் திரும்பத் துடிக்கவில்லை.

அரைமணி நேரத்துக்கு முன்னால் இதே ப்ரோபை அவன் நெஞ்சில் வைத்திருந்தால் இந்தக் கோடு தெரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை. ப்ரோப் என் கையைவிட்டுத் தரையில் விழுந்தது. நர்ஸ்தான் எடுத்து வைத்தார்.

2. சுந்தரபாண்டியம்

வாராவாரம் மதுரையிலிருந்து வருகிற கார்டியாலஜிஸ்டிடம் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன 'தேவையில்ல'வையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. "உயரமா, கை விரல் நீளமா இருந்தானா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சார்."

"மார்ஃபானா இருக்கலாம். பிறவியிலேயே ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமா இருக்கும். குடும்பத்துல ஓடும். கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். தகவல் தெரிந்து ஓடிவந்து, கேஷுவல்டியில் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுத தங்கை சுகந்தி. கட்டிலின் கம்பியைச் சுற்றி வளைத்திருந்த அவளுடைய விரல்கள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா பொன்னுத்தாய் வாசலில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. மகளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன்.

"நீங்கதான அன்னைக்கு எம் மகங்கிட்ட தேவையில்லன்னு சொன்னிய?"

ஆமென்று தலையாட்டினேன்.

"நானும் பக்கத்துலதான் நின்னேன். அவன் கேட்டான், நீங்க தேவையில்லன்னிய. இப்ப எம் மகளுக்கு மட்டும் தேவையாக்கும்?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். தப்புத்தான். அதனாலதான் வந்திருக்கேன்."

கார்டியாலஜிஸ்ட் சொன்னதை மட்டும் ஒப்பித்தேன். குழாய் விரியும், திடீரென்று கிழியும், வலி நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போகும் என்றேன். 'முதுகு' என்றதும் அவர் முகம் மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"இவ அப்பாவும் அப்படித்தான் சார். வயக்காட்டுல முதுகப் பிடிச்சுக்கிட்டே சாஞ்சாக. பாம்பு கடிச்சிருச்சுன்னாக, மாரடைப்புன்னாக. நாப்பது வயசு முடியல. அவியளும் இவன் உயரந்தான்."

உள்ளே கதவோரம் நின்றிருந்த சுகந்தி அப்போது வெளியே வந்தாள். "நாளைக்கு வாரேன் சார்" என்றாள்.

3. ஐந்து புள்ளி நாலு

அவள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யூனிஃபார்மோடு வந்துவிட்டாள். ஒரு வலி கிடையாது, மூச்சுத் திணறல் கிடையாது, பஸ் ஸ்டாப்பிலிருந்து வேகமாக நடந்து வந்திருந்தாள்.

அயோர்ட்டாவின் அடிப்பாகம் ஐந்து புள்ளி நாலு சென்டிமீட்டர். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே.

"என்ன சார், நார்மலா?"

"இல்லம்மா. ஆபரேஷன் வேணும்" என்றேன். டெக்னீஷியன் அப்படிச் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

மதுரையில் சர்ஜன் ஒரு பெண்மணி. படம் வரைந்து விளக்கினார். வழி ஒன்று: விரிந்த குழாயையும் வால்வையும் சேர்த்து எடுத்துவிட்டு உலோக வால்வு வைப்பது. பிரச்சனை குறைவு, ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. பிள்ளை பெறுவது ஆபத்து. வழி இரண்டு: அவளுடைய சொந்த வால்வை அப்படியே காப்பாற்றி, செயற்கைத் துணிக்குழாய்க்குள் வைத்துத் தைப்பது. மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் வேலை கஷ்டம், வால்வு ஒழுகலாம்.

"எது செய்வீங்க டாக்டரம்மா?" என்று பொன்னுத்தாய் கேட்டார்.

"தொறந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்மா. ரெண்டாவதுக்குத்தான் பாடுபடுவேன்."

4. தியேட்டரில்

கார்டியாலஜிஸ்ட் சிபாரிசில் தியேட்டருக்குள் ஓரமாக நிற்க என்னை அனுமதித்தார்கள். இதயத்தை இத்தனை வருடமாகத் திரையில் மட்டுமே பார்த்தவன், நேரில் பார்த்தது அன்றுதான்.

ரத்த ஓட்டத்தை ஹார்ட்-லங் மெஷின் எடுத்துக்கொண்டது. அயோர்ட்டாவுக்கு இடுக்கி போட்டார்கள். இதயத்தை நிறுத்தும் குளிர்ந்த மருந்தை ஏற்றினார்கள். துடிப்பு குறைந்து, குறைந்து, நின்றது. மானிட்டரில் நேர்கோடு. நேர்கோட்டைப் பார்த்தால் ஓடிப் போய் நெஞ்சை அமுக்கியே பழகிய உடம்பு என்னுடையது. கால் தானாக ஓர் எட்டு எடுத்து வைத்துவிட்டது. நர்ஸ் கையை நீட்டித் தடுத்தார். மற்றவர்கள் யாருக்கும் ஒரு பதற்றமும் இல்லை.

"ஞானராஜ், இங்க பாருங்க." வெட்டியெடுத்த சுவரை சர்ஜன் தன் விரல்மேல் விரித்துக் காட்டினார். அதன் வழியே அவருடைய கையுறையின் நிறம் தெரிந்தது. வெங்காயத்தோல் மாதிரி. இதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் துணிக்கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

சொந்த வால்வையே வைத்துத் தைத்தார். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் இரண்டு சிறு குழாய்களையும் துணிக்குழாயில் பொருத்தினார். இடுக்கியை எடுத்ததும் இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கியது. உணவுக்குழாய் வழியே விட்டிருந்த எக்கோவில் எல்லோரும் வால்வைப் பார்த்தோம். பின்னோக்கிப் பீய்ச்சுகிற கலர்க் கோடு. ஒழுகல்.

அவ்வளவு நேர வேலை. உலோக வால்வு வைத்து முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"திரும்ப பம்புக்குப் போறோம்" என்றார் சர்ஜன்.

மறுபடி ஹார்ட்-லங் மெஷினை ஓடவிட்டு இதயத்தை நிறுத்தினார்கள். வால்வில் தொங்கியிருந்த ஓர் இதழை ஒரே ஒரு தையலில் மயிரிழை அளவு தூக்கினார். மறுபடி எக்கோ. இந்தத் தடவை கலர்க் கோடு இல்லை. முகக்கவசத்துக்குள் அழுதுகொண்டிருந்தேன் என்பது வெளியே வந்து அதைக் கழற்றியபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சுகந்தி கேட்டாள்: "சார், உள்ள வச்சது எங்க கம்பெனி துணியா?"

"இல்லம்மா, அது வேற துணி."

"நெஞ்சதுதான?"

"நெய்ததுதான்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

5. கார்த்தி

ஆறு மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தவள் தனியாக வரவில்லை. அப்பா வழிச் சொந்தத்தில் உயரமானவர்களாகப் பார்த்து ஐந்து பேரைக் கூட்டி வந்திருந்தாள். "இவுகளையும் பாருங்க சார்."

நாலு பேர் நார்மல். ஐந்தாவது ஆள் சித்தப்பா மகன் கார்த்தி. ராணுவத்துக்குத் தேர்வாகி அடுத்த வாரம் கிளம்பவிருந்தவன். நாலு புள்ளி ஆறு. ஆபரேஷன் தேவையில்லை; மாத்திரை, வருடா வருடம் ஸ்கேன், பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது. ராணுவம் முடிந்தது.

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டே கத்தினான். "எனக்கு ஒரு வலியும் இல்ல. உங்கள யாரு பாக்கச் சொன்னது? மூணு வருசமா இதுக்குத்தான் ஓடுனேன். பாக்காம விட்டிருந்தா அடுத்த வாரம் கேம்ப்ல இருப்பேன்!"

பார்க்காமல் விட்டதற்கும் ஒரு தாய் என்னைக் கேட்டார்; பார்த்ததற்கும் ஒருவன் கேட்கிறான்.

சுகந்திதான் அவன் பக்கத்தில் போய் நின்றாள். "ஏலே கார்த்தி, கோவப்படு. நல்லாக் கோவப்படு. எங்கண்ணனுக்கு அதுக்குக்கூட நேரம் கெடைக்கல."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவளும் கூடவே உட்கார்ந்தாள். "மாத்திரைய எப்பச் சாப்பிடணும்?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிழிகிற மாதிரி வலி, முதுகுக்குப் போகிற வலி என்று யாராவது சொன்னால் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்; குழாய் கிழிந்திருந்தால் ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் வித்தியாசம் காட்டலாம். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போனார்களா என்று கேளுங்கள். ஈ.சி.ஜி. நார்மல் என்றால் ஈ.சி.ஜி. மட்டும்தான் நார்மல். பெஞ்சு நிறைய ஆள் இருக்கட்டும், காத்திருப்பார்கள்.