பதினான்காம் படுக்கையின் முன்னூற்றுப் பன்னிரண்டு

கேத்தரினைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது அவளுடைய கோபத்தைத்தான். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி முப்பது வருடம் குடியிருந்தவள் நான். அவள் கோபப்பட்டுப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணமில்லாமல் கோபப்பட்டு ஒருமுறையும் பார்த்ததில்லை.

அவளுக்கு வேலை அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். அங்கே நான்கு வெவ்வேறு கம்பெனிகள் தயாரித்த நான்கு விதக் கம்ப்யூட்டர்கள். எல்லாமே யூனிக்ஸ் என்ற இயங்குமுறையின் வகைதான் என்பார்கள். ஆனால் ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு வராது. ஆஸ்பத்திரி லேப் மெஷின் அனுப்பும் முடிவை வாங்கி, நோயாளியின் பெயரோடும் படுக்கை எண்ணோடும் சேர்த்துச் சீட்டாக அடித்துக் கொடுப்பது கம்பெனி விற்ற புரோகிராம். அதற்கு அடியில் சி என்னும் கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய, லைப்ரரி எனப்படும் அடிப்படைப் புரோகிராம் தொகுப்பு ஒன்று இருந்தது. எழுதியவர் எப்போதோ அமெரிக்கா போய்விட்டார். அதை நான்கு கம்ப்யூட்டரிலும் ஒரேமாதிரி ஓடவைப்பது கேத்தரின் பொறுப்பு.

"ஒரு மருமக, நாலு மாமியார் ஆன்ட்டி," என்பாள். "ஒருத்திக்கு நம்பரை முன்னாலேர்ந்து அடுக்கணும், இன்னொருத்திக்குப் பின்னாலேர்ந்து. ஒருத்தி கேக்காமலே குடுப்பா, இன்னொருத்தி பேர் சொல்லிக் கேட்டாத்தான் குடுப்பா."

அவளுடைய முதலாளி சீனிவாசராகவனுக்குப் பொறுமை கிடையாது. 'இந்த மெஷின் என்றால் இப்படிச் செய், அந்த மெஷின் என்றால் அப்படிச் செய்' என்று இடத்துக்கு இடம் ஒட்டுப்போட்டு அனுப்பச் சொல்வார். கேத்தரின் எல்லா மெஷினுக்கும் பொருந்தும்படி ஒரே வரியாகத் திருத்த வேண்டும் என்பாள். புண்ணைக் கழுவாமல் கட்டுக்கு மேல் கட்டுப் போடுகிறவர்களை நானும் வார்டில் பார்த்திருக்கிறேன். நான் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

1998இல் நான் பிரேசர் டவுனில் நாற்பது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் மேட்ரன். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உரிமையாளர் டாக்டர் சேஷகிரி, லினக்ஸ் என்னும் யூனிக்ஸ் வகை ஓடும் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கேத்தரின் கம்பெனியின் அதே புரோகிராமை அதில் போடவைத்தார். கையோடு லேப் ரிஜிஸ்டரையும் நிறுத்தினார். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, கையால் வேறு எதற்கு எழுத வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் அது நடந்தது. பதினான்காம் படுக்கையில் ஜகதாம்பாள், எழுபத்தொரு வயது, இடுப்பெலும்பு முறிவு, கூடவே சர்க்கரை. காலைச் சீட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. முன்னூறைத் தாண்டினால் பத்து யூனிட் இன்சுலின் என்று டாக்டரே கேஸ் ஷீட்டில் எழுதிவைத்திருந்தார். வார்டு நர்ஸ் மகா சீட்டைப் பார்த்தாள், போட்டாள். சிறிது நேரத்தில் அந்த அம்மாளுக்கு உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல். விரலில் குத்திப் பார்த்தால் முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏற்றி இழுத்துப் பிடித்தோம். மத்தியானம் தயிர்சாதத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டார். பிழைத்துவிட்டார்.

டாக்டர் மகாவைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"பதிமூணாம் பெட்டுக்கும் முன்னூத்திப் பன்னெண்டு, மாமிக்கும் முன்னூத்திப் பன்னெண்டு. எப்படி? ஒரே ஆள்ட்ட ரெண்டு டியூப் எடுத்து, ஒண்ணுல மாமி பேரை ஒட்டிட்டே."

"நான் எதுக்கு டாக்டர் அப்படிப் பண்ணப்போறேன்?"

"மாமிக்கு நரம்பு சீக்கிரம் கிடைக்காது. சோம்பேறித்தனம்."

"அவங்க கையப் பாருங்க டாக்டர். ரெண்டு எடத்துல குத்தியிருக்கேன். கொஞ்சூண்டுதான் ரத்தம் வந்துச்சு."

அவர் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பத்தடி தூரம்தான். மகா எட்டு வருடமாக என் கீழ் வேலை செய்தவள், ஒரு டியூப்பில்கூட லேபிள் மாறியதில்லை என்றேன். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். ஒரு வாரத்தில் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். அந்தக் கடிதம் போனால் மகாவின் பதிவு போய்விடும். பிறகு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது.

நான் கம்பெனிக்குப் போன் செய்தேன். மறுநாள் கேத்தரின் வந்தாள். கையில் ஏற்கெனவே டைப் அடித்த ஒரு தாள்: 'பரிசோதித்தோம். கம்ப்யூட்டரில் குறை ஏதும் இல்லை.' கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பரிசோதிக்கிறதுக்கு முன்னாடியே ரிசல்ட் ரெடி ஆன்ட்டி," என்றாள். "உங்க ஆஸ்பத்திரில இப்படிப் பண்ணுவீங்களா?"

மகாவையும் வரச் சொல்லியிருந்தேன். அவளிடம் கேத்தரின் முதலில் கேட்டது, அந்த ரத்தம் எப்படி இருந்தது என்பதுதான்.

"கம்மி மேடம். லேபுக்குப் போறதுக்குள்ள கட்டியாயிருக்கும்."

கேத்தரின் லேப் ஆள் பக்கம் திரும்பினாள். "கட்டியாயிட்டா உங்க மெஷின் என்ன அனுப்பும்?"

"பேர் மட்டும் போவும் மேடம். நம்பர் போவாது."

"இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

அவன் டியூப்களை அடுக்கத் தொடங்கினான்.

கேத்தரின் அவனை ஒரு நல்ல ரத்தத்தை ஓட்டச் சொன்னாள். சீட்டில் நூற்று எண்பத்தேழு வந்தது. அடுத்து ஒரு காலி டியூப்பில் தன் பெயரை ஒட்டி ஓட்டச் சொன்னாள். சீட்டு வந்தது. கேத்தரின், சர்க்கரை நூற்று எண்பத்தேழு.

மகா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் லைப்ரரி கம்ப்யூட்டர்கிட்ட எழுதி வைக்க ஒரு எடம் கேக்கும்," என்றாள் கேத்தரின். "உங்க பழைய கம்ப்யூட்டர் எடத்தைத் துடைச்சுக் குடுத்துச்சு. துடைச்சுத் தரணும்னு சட்டம் கிடையாது. இது துடைக்காது. முன்னாடி ஆள் எந்திரிச்ச எடத்தை அப்படியே குடுக்குது. நம்மாளு, அதான் லைப்ரரி, பேரை மாத்தி எழுதுறான், பெட் நம்பரை மாத்தி எழுதுறான். சர்க்கரை வரலைன்னா பழசு அங்கேயே கெடக்குது."

விரிப்பை மாற்றாமல் அடுத்த நோயாளியைப் படுக்கவைப்பது. என் வார்டில் அப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இவர்கள் அதை டப்பாவில் போட்டு விற்றிருக்கிறார்கள். இதைவிட மோசம் வேறொன்று. மூன்று வாரமாக இந்தச் சீட்டுகளை நம்பித்தான் மருந்து கொடுத்தோம். அடுத்தவர் எண் நூற்று இருபது, நூற்று முப்பது என்று வந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

கேத்தரின் என் அறையிலிருந்தே முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் பேசியது வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"லினக்ஸுக்கு மட்டும் ஒரு வரி சேத்துடும்மா. மத்த மெஷின்ல சரியாத்தானே ஓடுது?"

"சரியா ஓடல சார். அதிர்ஷ்டத்துல ஓடுது. லைப்ரரியே தப்பு. நாமதான் துடைக்கணும். எல்லா மெஷின்லயும்."

"சரி, அப்புறம் பாத்துக்கலாம். இப்ப அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வா. பர்வாகில்ல, ஒண்ணும் ஆயிடாது."

"யாருக்கு சார் பர்வாகில்ல?"

போனை வைத்தாள். டைப் அடித்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். முன்னால் வந்த நோயாளியின் எண்ணை இந்தப் புரோகிராம் பின்னால் வந்தவர் பெயரில் அச்சடிக்கிறது. நானே சோதித்துப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நர்ஸுக்கு இதில் தொடர்பில்லை. கையெழுத்து, தேதி. இரண்டு சீட்டையும் ஒட்டினாள். ஜெராக்ஸ் எடுத்து முதல் பிரதியை மகாவிடம் கொடுத்தாள், டாக்டருக்கு அப்புறம்தான் போனது.

அதே பிற்பகல், இந்தப் புரோகிராம் ஓடும் மற்ற ஆறு இடங்களுக்கும் போன் செய்து, ரத்தம் கட்டியாகி மெஷின் எண் அனுப்பாவிட்டாலும் சீட்டில் ஏதாவது எண் விழும், நம்பாதீர்கள் என்றாள். ஐந்து பேர் கேட்டுக்கொண்டார்கள். ஆறாவது ஆள், "எங்களுக்குக் கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லையே," என்றார். பஸ் பிடித்து நேரில் போய், அவர் கண்ணெதிரே காலி டியூப்பை ஓட்டிக் காட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கம்பெனி அவளுக்கு மெமோ கொடுத்தது. அனுமதி இல்லாமல் வாடிக்கையாளர்களிடம் ஏன் சொன்னாய்? 'கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டீர்கள்' என்று ஒரே வரியில் பதில் எழுதினாள். இரண்டு மாதத்தில் அங்கிருந்து விலகினாள். அவள் திருத்திய வரியைக் கம்பெனி 'லினக்ஸ் மேம்பாடு' என்று பெயர் சூட்டி வெளியிட்டதாக ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள். மெமோவுக்கு வராத கோபம் அந்த வார்த்தைக்கு வந்தது.

நர்சிங் ஹோமில் டாக்டர் முதலில் தந்த உத்தரவு, மகாவைக் கருணை அடிப்படையில் திரும்பச் சேர்ப்பதாகச் சொன்னது. மகா வாங்கவில்லை. இரண்டாவதில், எச்சரித்துச் சேர்ப்பதாக இருந்தது. அதையும் வாங்கவில்லை. மூன்றாவதை நானே டைப்பிஸ்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடிக்கவைத்தேன். தவறு கம்ப்யூட்டருடையது, மகாவுடையது அல்ல. திங்கட்கிழமை டாக்டர் கையெழுத்துப் போட்டார். கேத்தரினும் திருத்திய புரோகிராமைப் போட அன்று வந்திருந்தாள்.

"இப்போ திருப்தியா?" என்றார் டாக்டர்.

"மாமிகிட்டயும் நீங்களே சொல்லணும் டாக்டர்," என்றாள் மகா. "நான்தான் அவங்களைக் கொல்லப் பாத்தேன்னு நெனச்சிட்டிருக்காங்க."

ரவுண்ட்ஸ் முடித்துச் சொல்வதாகச் சொன்னார். ரவுண்ட்ஸ் முடிந்தது, காரில் ஏறிப் போய்விட்டார். கேத்தரின் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேரே பதினான்காம் படுக்கைக்குப் போனாள். நானும் மகாவும் பின்னாலேயே போனோம்.

"அம்மா, அன்னிக்கு உங்களுக்கு வந்த நம்பர் தப்பு. எங்க கம்பெனி கம்ப்யூட்டர் பண்ணின தப்பு. இந்த சிஸ்டர் மேல தப்பே இல்ல."

ஜகதாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு இவ்வளவு தப்பு வருமா? அப்புறம் எதுக்கு வெச்சிண்டிருக்கா?"

"அதை டாக்டரைக் கேளுங்க."

"கேக்கறேன், கேக்கறேன். நாளைக்கு வரட்டும்." கிழவி மகாவின் பக்கம் திரும்பினார். ஒரு வாரமாக அவள் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர், சட்டைக் கையை மேலே சுருட்டினார். "நேத்தி வந்த பொண்ணு நாலு தரம் குத்திட்டா. நீயே எடு."

மகா கை கழுவப் போனாள்.