அப்பா பிடித்த ஏரியல்

சண்டையால் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் வீட்டு றேடியோ சைக்கிளில்தான் ஓடியது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவைப் பின்சில்லோடு அழுத்தி, அதன் வயரை றேடியோவில் கொழுவிவிட்டு ஒருவர் மிதிக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நான்தான். உலகச் செய்தி முழுவதும் என் முழங்கால் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது.

பாரிசுக்குப் போன அண்ணை, ஞாயிறு பின்னேரம் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு ஒன்றில் வீட்டுக்கு இரண்டு வசனம் கதைக்கப்போகிறான் என்று கொழும்பால் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவன் குரல் கேட்டு இரண்டு வருடம். அம்மாவுக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் அவன் போன கோபத்தில் அப்பா மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"போட்டு வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லாமல் போனவன்ரை குரல் எனக்கென்னத்துக்கு?" என்றுவிட்டு, அந்த ஞாயிறு ஒலிபரப்பு நேரம் பார்த்துக் கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

றேடியோ இரைந்தது. எங்கள் ஏரியல், உடுப்புக் காயப்போடுகிற செப்புக் கம்பி. பக்கத்து வீட்டு மாமா மின்சாரப் பகுதியில் வேலை செய்தவர். ஊரில் மின்சாரம் இல்லாததால் முழுநேரமும் ஆலோசனைதான். பாரிஸ் வடமேற்கு என்று கம்பியின் மறுமுனையை முருங்கையில் கட்டினார். இன்னும் இரைந்தது.

"அவன் படலையாலை வலக்கைப் பக்கம் திரும்பித்தான் போனவன். அங்காலை கட்டுங்கோ," என்றார் அம்மா.

"அக்கா, அது நீர்வேலி றோட்டு. வாழைத்தோட்டம்தான் வரும்."

"அவனும் நீர்வேலியாலைதான் போனவன்."

அம்மாவோடு கதைத்து வெல்ல ஏலாது. மாமா கம்பியைக் கிணற்றடித் தென்னைக்கு இழுத்துக் கட்டினார். கட்டி முடிக்கவில்லை, அப்பா தன் ஈரச் சாரத்தை அதில் விரித்துவிட்டார்.

"சாரத்தை எடுங்கோ!" அம்மா கத்தினார்.

எடுக்கப் போன அப்பாவின் ஈரக்கை கம்பியில் பட்டதும், அறிவிப்பாளர் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலத் தெளிவாகக் கேட்டது. கையை எடுத்தார், இரைச்சல். பிடித்தார், தெளிவு.

"கையை எடுக்காதையுங்கோ!" மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம். மகன் குரலே வேண்டாம் என்றவர், இடுப்பில் கட்டிய துவாயோடு நனைந்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே நின்றால் ஒரு சொல்லும் கேட்காது.

றேடியோவில் அண்ணை வந்தான். "அம்மா, நான் சுகமாயிருக்கிறன். அப்பாட்டைச் சொல்லுங்கோ, அண்டைக்குப் பயத்திலை சொல்லாமல் வந்திட்டன். இப்ப சொல்லுறன். அப்பா, போட்டு வாறன்."

அவ்வளவுதான். அடுத்து வேறு யாரோ கதைக்கத் தொடங்கினார். அம்மா அழுதார். நான் மிதித்தபடியே கிணற்றடியைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்பா! போட்டு வாறனாம்!"

"எங்கையாம்?"

"அண்டைக்குப் போனதுக்கு! இப்பதான் சொல்லுறான்!"

"முடிஞ்சுது அத்தான், இனிக் கையை விடலாம்," என்றார் மாமா.

அப்பா விடவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கம்பியை வாய்க்குக் கிட்ட இழுத்தார்.

"ஓம். போட்டு வா," என்றார்.

அது போய்ச் சேரட்டும் என்று நான் இன்னும் வேகமாக மிதித்தேன்.