வெளிநாட்டு நாத்தனார்

முதலீட்டு ஊக்குவிப்பு அலுவலகத்தில் அவள் பதினாறு வருடமாகத் தட்டச்சர். வெளிநாட்டு முதலாளிகளை அழைத்துவருவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. வந்த முதலாளிகளைவிட, அழைக்கப் போன இயக்குநரின் விமானப் பயணங்கள் அதிகம். போன இடத்திலெல்லாம் அவர் வாசித்த உரை அவள் அடித்துக் கொடுத்தது: 'எங்கள் நாட்டில் மூன்றே நாளில் மின் இணைப்பு.' அடிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கணவனின் லேத் பட்டறைக்குக் கூடுதல் மின்சாரம் கேட்டுப் பதினான்கு மாதமாயிற்று. வாங்கிப் போட்ட புது இயந்திரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது.

ஒருநாள் இயக்குநரிடமே கேட்டுவிட்டாள்.

"உள்ளூர்க்காரங்களுக்கு வேற ஆபீஸ்மா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் வெளிநாட்டில் நர்ஸ். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கியிருந்தாள்.

"உன்னைப் பட்டறையில பங்குதாரரா சேர்க்கப்போறேன்."

"என்கிட்ட ஏது அண்ணி அவ்வளவு பணம்?"

"ஒரு மாசச் சம்பளத்தைப் போடு, போதும். மிச்சத்தை உன் பாஸ்போர்ட் பாத்துக்கும்."

நாத்தனார் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் இயக்குநர் பூச்செண்டோடு நின்றார். அதே பட்டறை, அதே மனு; பெயர் மட்டும் புதிது. மூன்றாம் நாளே மின்துறை ஆட்கள் ஏணியும் கம்பியுமாக வந்தார்கள். இயக்குநரும் கூடவே வந்து குழைந்தார். "பத்து வருஷத்துக்கு வரி கிடையாது மேடம். பக்கத்து இடம் வேணும்னாலும் சொல்லுங்க."

"இதையே எங்க அண்ணன் கேட்டப்ப ஏன் குடுக்கல?"

இயக்குநருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவர் இங்கயே இருக்கிறவர்தானே மேடம். எங்க ஓடிடப்போறார்?"

கைகளில் எண்ணெயோடு பக்கத்திலேயே நின்ற கணவன், புது இயந்திரத்தின் மேலிருந்த சாக்கை உருவினான். அவர்கள் போன பிறகு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் ஓடியது. "நான் இருபது வருஷம் இங்க உழைச்சதுக்கு மதிப்பே இல்ல, பாத்தியா," என்றான்.

அடுத்த வாரமே அந்தச் சாதனையை விளக்க இயக்குநர் இன்னொரு நாட்டுக்குக் கிளம்பினார். அங்கே எல்லோருக்கும் விநியோகிக்க வேண்டிய உரையை அடிக்க அவளிடமே கொடுத்தார். அதில் அவர் செய்திருந்த எழுத்துப்பிழைகள் இருபத்து மூன்று. வழக்கமாகச் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறவள், இந்த முறை ஒன்றைக்கூடத் தொடவில்லை.