கழுவி வைத்த மூங்கில்கள்: மணலி ஏரிக்கு இரண்டாம் பயணம்

மணலி ஏரியில் மீன் பேன் கண்டிருக்கிறது என்று ஆவணியில் எங்கள் மீன் அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. வெளியூரில் வாங்கி விட்ட கெண்டைக் குஞ்சுகளோடு வந்து சேர்ந்த பூச்சி அது. உளுந்தளவுகூட இராது. மீனின் மேல் தட்டையாக ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கன்னியப்பனுக்கும் அவர் மனைவி ராஜம்மாவுக்கும் இந்த வருஷ மீன் செத்தால் ஏரி கைவிட்டுப் போகும். விலங்கியல் படித்தவள் என்று என்னை அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு பஸ், இரண்டணா. தேரடியில் ஜட்கா கிடைக்கும். மணலி மூன்று மைல். எட்டணா கேட்பார்கள், பேசினால் ஆறணாவுக்கு வருவார்கள். நான் பேசவில்லை, எட்டணா கொடுத்தேன். போன முறை வந்த காதர் பாய் வண்டிதான்.

"இன்னாமா, போன தபா மணலி வர்ற வரிக்கும் வாயே தொறக்கல. ஊமையோன்னு குதிரகூட திரும்பிப் பாத்துச்சு," என்றார். சிரித்து வைத்தேன்.

மீன் பேன் முட்டையிடக் கெட்டியான பொருளைத் தேடும். தண்ணீரில் மூங்கில் நட்டால் அதில் வரிசையாக முட்டையை ஒட்டும். பொரிப்பதற்குள் மூங்கிலைக் கரையேற்றி வெயிலில் போட்டால் முட்டை காய்ந்து சாகும். இதையெல்லாம் போன முறையே விளக்க நினைத்திருந்தேன். கரையில் ஊரே கூடி நின்றது. அலுவலகம் அனுப்பிய மூங்கில்களைக் காட்டி, "மூங்கில நட்டு வைங்க, பதினஞ்சு நாள்ல வந்து பாக்கறேன்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டேன்.

இம்முறை இறங்கியதும் கரையில் மூங்கில்கள் பளபளவென்று அடுக்கியிருப்பதைக் கண்டேன். ராஜம்மா இடுப்பளவு நீரில் நின்று கடைசி மூங்கிலைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் பக்கத்தில் நின்ற கன்னியப்பனும் நெட்டுக்குப்பத்துக் கடல்காரர்கள். வலையோ துடுப்போ, எதையும் அலசாமல் கரையில் வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

"வாம்மா. ஆபீஸ் சாமானாச்சே, கலீஜா குடுக்கலாமா? சொரசொரன்னு இன்னாவோ ஒட்டிகினு கெடந்துச்சு. காத்தாலேந்து ரெண்டு பேரும் தேய்க்கறோம்."

"எங்க வச்சு தேச்சீங்க?"

"இங்கதான், ஏரிலதான்."

தேய்த்து விட்டது முட்டைகளை என்று சொன்னேன். கன்னியப்பன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அத்தினியும் தண்ணிக்கே பூட்ச்சா?"

"ஆமாங்க. நான்தான் சொல்லாம போய்ட்டேன்."

ராஜம்மா நாரைத் தூக்கிக் கரையில் எறிந்தார். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னாம்மா? நாங்க உன்ன கடிச்சா முழுங்கிடுவோம்?"

கிளம்பப் பார்த்தேன். "கோவம் கீது. அதுக்குன்னு பசியோட அனுப்புவனா? குந்து," என்று ராஜம்மா சோறு போட்டார். அந்த ஏரிக் கெண்டைதான் குழம்பில். பேன் கடித்த மீனைத் தின்பதால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் தலை நிமிர்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

மூங்கில்களை மறுபடி நட்டோம். ஊர் மறுபடி கூடியது. எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது, அப்படியே காயப்போட வேண்டும் என்று காரணத்தோடு சொன்னேன். "அந்தாண்ட நிக்கறவங்களுக்குக் கேக்கலியாம்," என்றார் ராஜம்மா. மறுபடி சொன்னேன். பொரிக்கப் போகும் பேன்களை மீன்கள் தாங்குமா என்று கன்னியப்பன் கேட்டார். தெரியாது என்பதையும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஏரிக்கரையில் நிழல் கிடையாது, குடை தேவை. குடிநீர் கொண்டுபோங்கள். அங்கே நனைந்த கூடை, துணி எதையும் நன்றாகக் காயவைக்காமல் வேறு நீர்நிலையில் நனைக்காதீர்கள்.

திரும்பும்போது காதர் பாய் ஏரியில் வாளியை முக்கிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். அதே வாளியைத் திருவொற்றியூர் குளத்திலும் முக்குவார் என்பது எனக்குத் தெரியும். ராஜம்மா கரையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், வாளி காயாம வேற கொளத்துல முக்காதீங்க. பேன் முட்டை அங்கயும் போயிடும்," என்றேன்.

"அட, பேசுது," என்று குதிரையிடம் சொன்னார். பிறகு வாளியை வண்டிக்கூண்டின் மேல் கவிழ்த்துக் கட்டினார். திருவொற்றியூர் வரை வெயிலில் அது எங்கள் தலைக்கு மேல் தடதடத்துக்கொண்டே வந்தது.