விசிலார் வைத்த விருந்து

குக்கர் பழுது பார்ப்பவருக்குக் கடைத்தெருவில் விசிலார் என்று பெயர். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. ஜன்னல் அகலமே உள்ள கடையில் இருபத்தெட்டு வருடமாகக் காய்ந்த கேஸ்கெட்டைக் கழற்றிப் புதிது மாட்டுகிறார். மூடியைத் தூக்கி ஆவித் துளையில் ஒற்றைக் கண்ணை வைத்து, "வானம் தெரியுதா? தெரிஞ்சாத்தான் அடுப்புல ஏத்தணும். ஆவி நல்லா வந்தப்புறம் வெயிட்டு. ஆவி அடங்காம மூடியைத் தொட்டா, மூஞ்சி உங்களுது" என்று பாடம் எடுத்த பிறகே ஆளை விடுவார். பேசும்போது வெயிட் மட்டும் சட்டைப் பைக்குள் போய்விடும். மேஜையில் வைத்தால் இன்னொருவர் வெயிட்டோடு கலந்துவிடுமே!

இந்தப் பாடம் செல்லுபடியாகாத ஒரே ஆள் அவருடைய சம்பந்தியம்மா. சின்ன வயதில் எங்கோ குக்கர் மூடி பறந்ததைப் பார்த்த நாளிலிருந்து திறந்த பானைச் சமையல்தான். அவர் வீட்டு மருமகளான தன் மகளுக்கு விசிலார் ஆசையாகக் கொடுத்த குக்கரில் அந்த அம்மாள் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தார். விசிலாருக்கு அது நெஞ்சில் தைத்த முள். கண்ணெதிரே சமைத்துக் காட்டிவிடுவது என்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

உருளைக்கிழங்கு, அளவாகத் தண்ணீர், மூடி எல்லாம் முறைப்படி ஏறின. ஆவியும் சீறியது. விசிலார் வெயிட்டைக் கையில் எடுத்த நேரம், சம்பந்தியம்மா சமையலறை வாசற்படியிலிருந்தே கேட்டார்:

"அண்ணா, அந்தச் சேஃப்டி வால்வு எதுக்கு?"

அவர் குக்கரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி! விசிலாருக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்துக்கு அழைத்துப்போய், காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். அரை மணி நேரம் போனது.

"என்னங்க, உங்க குக்கர் ஊமையாயிடுச்சா?" என்றாள் மனைவி.

விசிலார் காதைத் தீட்டினார். விசிலும் இல்லை, சீறலும் இல்லை.

"துளை அடைச்சிருக்கு! எல்லாரும் வெளியே போங்க!"

சமையலறைப் பக்கம் தலைகூட நீட்டாமல், பால்கனிக்கு ஓடி சிலிண்டரை மூடினார். இருவரையும் மாடிப்படிக்கு விரட்டினார்.

"யாரும் தொடக்கூடாது. தானா ஆறணும்."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் சம்பந்தியம்மா, ரொம்பத் திருப்தியாக.

"கருகுற வாசனை வருதே" என்றாள் மனைவி.

விசிலார் குனிந்து வேட்டி நுனியால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பையிலிருந்து வெயிட் நழுவி, டிங் டிங்கென்று பதினொரு படியும் குதித்து இறங்கியது.

சம்பந்தியம்மா போய் எடுத்து வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மூடி மேலதானே இருக்கணும்னு சொன்னீங்க?"

மனைவி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. விசிலார் சுவரைப் பார்த்து நின்றார்.

ஆவியெல்லாம் எப்போதோ போய், கிழங்கு கரியாகியிருந்தது. ஆறவிட்டு, சுரண்டிக் கழுவி, புது கேஸ்கெட் மாட்டி, வேறு கிழங்கு போட்டு மறுபடி ஏற்றினார். ஆவி வந்ததும் கையை நீட்டினார்.

சம்பந்தியம்மா கொடுக்கவில்லை.

"நீங்க கூடத்துல உக்காருங்கண்ணா. குக்கர் மேல இருந்த பயம் போச்சு. இது உங்க கையில இருந்தாத்தான் பயமா இருக்கு."

இடுக்கியால் பிடித்து அவரே வெயிட்டைப் போட்டார். மூன்று விசிலையும் விரல் விட்டு எண்ணினார்.

அன்று சாயங்காலம் மகள் வீட்டில் துணி கிளிப்புகளுக்கு வேறு டப்பா தேட வேண்டியதாயிற்று.