பேருந்தில் என்னைப் படம்பிடித்தவர்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராஜபாளையம் பேருந்தில் ஏறினேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுவிட்டேன். கணவர் இறந்த அன்றுகூட நான் பிறர் முன் அழுததில்லை.

தையல் மிஷின் ஓடுவதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், அடுத்த வரிசை இளைஞர் கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கேமரா, என்னை நோக்கி.

"சினிமா ஷூட்டிங்மா. பெரிய கேமரா வச்சா பஸ்ல எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. இது கைக்கு லேசு, யாருக்கும் தெரியாது. அதான் இதை எடுத்தோம்."

"என்னைக் கேட்டீங்களா? இப்பவே அழிங்க."

"டிஜிட்டல்னா அழிச்சிருவேன்மா. இது பிலிம். லேப்ல கழுவினாத்தான் எனக்கே தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "ரொம்ப இயல்பா இருந்துச்சும்மா."

நடத்துநரும் சும்மா இருக்கவில்லை. "நான் எம்புட்டு வருஷமா இந்த ரூட்ல வாரேன், என்னைய ஒருத்தரும் எடுக்கல. ஆச்சி இன்னைக்கு ஏறுனாவ, ஸ்டாராயிட்டாவ." பேருந்தே சிரித்தது.

அந்தக் காட்சியை வெட்டிவிடுவதாக அந்த இளைஞரை எழுதித் தரச் சொன்னேன். இயக்குநர்தான் முடிவு செய்வாராம். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். படத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

உங்களில் யாராவது அதைத் திரையில் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். ஜன்னலோரக் கிழவி எதற்காக அழுகிறாள் என்று அவர்கள் கதையில் வைத்திருக்கிறார்கள்?