இருளாண்டியின் இரண்டாவது மெடிக்கல்

ஐம்பதுகளில் பாம்பன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்தேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி வேலைக்கு எடுக்கும் ஆட்களுக்கு அங்கேதான் மெடிக்கல். கையில் பட்டையைச் சுற்றுவது நான். பிரஷர் பார்த்து எழுதுவது டாக்டர்.

ஒரு நாள் இரண்டு பேர் வந்தார்கள். கீழக்கரை செய்யது வரும்போதே சண்டை. "ஏன் சார் இந்த இறுக்கு இறுக்குறீக? இது கையா, தோணி கட்டுற முளையா?" என்று டாக்டரையே அதட்டினார். பிரஷர் பார்த்தால் அத்தனை சுத்தம். பாஸ்.

அடுத்தவர் சாயல்குடிப் பக்கத்து இருளாண்டி. மழை பொய்த்து, விதைத்தது கருகி, வேலை தேடி வந்தவர். பூனை மாதிரி உட்கார்ந்தார். பட்டையைச் சுற்றியதுமே உள்ளங்கை சில்லிட்டு வியர்த்தது. பாதரசம் ஏறிக்கொண்டே போனது.

"ஒடம்பு நல்லாத்தேன் இருக்குங்கய்யா. ஆசுபத்திரின்னாலே நெஞ்சு அடிச்சுக்கிது" என்றார்.

டாக்டர் நல்லவர்தான். "அடுத்த வாரம் வாங்க. அதுலயும் ஏறுச்சுன்னா வேலை கிடையாது. ரூல் அப்படி."

செய்யது கத்தித் தீர்த்துவிட்டார். இருளாண்டிக்குக் கத்தத் தெரியாது. அவர் உடம்புதான் கத்தியது. அன்றைக்கு இது எங்களுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் வந்தவரிடம் வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் மந்தம். பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. இறங்கியதை யாராவது சந்தேகப்படுவார்களா? "பயம் தெளிஞ்சிருச்சு" என்று சிரித்தபடி டாக்டர் கையெழுத்துப் போட்டார். இருளாண்டி கும்பிட்டுக்கொண்டே சடாரென்று எழுந்தார். கண் சொருகி அப்படியே மல்லாக்க விழுந்தார். பின்மண்டை சிமெண்டுப் படியில் மோதியது. டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தும் உயிர் தங்கவில்லை.

வெளியே பூவரச மரத்தடியில் இருளாண்டியின் மனைவி தூக்குச்சட்டியோடு நின்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"பாசாயிட்டாகளாண்ணே? நெஞ்சு படபடப்பு அடங்கணும்னு வைத்தியரு ஏதோ வேர்க் கசாயம் குடுத்தாரு. ஒரு மடக்குத்தேன் குடிக்கச் சொன்னாரு. இவுக பயத்துல செம்போட குடிச்சுப்புட்டாக."

அந்த ஒரு செம்புதான் பிரஷரை அப்படி இறக்கி, எழுந்ததும் ஆளைச் சாய்த்திருக்கிறது. "பாசாயிட்டாரும்மா" என்றேன். அந்த அம்மா முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு மற்றதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பயந்த ஆளின் முதல் அளவை எழுத விடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து, ஊரில் மழை உண்டா என்று கேளுங்கள். பிறகு பட்டையைச் சுற்றுங்கள். இவ்வளவுதான் செய்திருக்க வேண்டியது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனுஷன் சாக வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.